மலையேறிய தையல்கடை

தையல்காரியின் கடை முதன்முதலாக மலைப்பக்கம் நகர்ந்த செவ்வாய்க்கிழமையன்று வெங்காயம் விலை இறங்கியிருந்தது. ஊரே வெங்காயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததால், கடை ஒரு சாண் தள்ளி நிற்பதை யாரும் கவனிக்கவில்லை. பக்கத்துக் கடை முடிதிருத்துபவர் மட்டும் இரண்டு சுவர்களுக்கும் நடுவே புதிதாக விழுந்த இடைவெளியில் தன் துடைப்பத்தைச் சாத்தி வைத்தார். பாவம், அதற்கு ஓர் இடமில்லாமல் வெகுநாளாகத் தவித்துக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு காட்டுப் பட்டாணிக் கொடி. மலைச்சாலையின் கடைசி வளைவில் கல் விழும் இடத்தைக் காவல் காப்பவன் கொண்டுவந்தது. அவன் வேலை எளிது. மேலே பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்; கல் உருண்டால் சிவப்புத் துணியை ஆட்டிப் பேருந்தை நிறுத்த வேண்டும். காற்று அந்தத் துணியின் ஓரத்தைக் கிழித்துவிடும். மாற்று ஆள் வரும் நாளில் அவன் கீழே இறங்கி வந்து ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டு போவான். முதலில் மாதத்துக்கு ஒருமுறை கிழிந்தது. பிறகு இரண்டு முறை. பிறகு காற்றே இல்லாத வாரங்களிலும் கிழிந்தது. கடையில் பொத்தான் தைக்கும் அத்தை துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதைக் காத்து கிழிக்கலடி, கத்திரிக்கோல் கிழிச்சிருக்கு" என்றாள். தையல்காரிக்கும் அது தெரியும். தெரிந்துதான் ஒவ்வொரு முறையும் மெதுவாகத் தைத்தாள்.

ஒருநாள் அவன் ஊதாப்பூ பூத்த அந்தக் கொடியை மண்ணோடு ஒரு டப்பாவில் கொண்டுவந்து வைத்து, வளைவுக்கு என்னோடு வந்துவிடுகிறீர்களா என்று கேட்டான். அவளுக்கு அவன்மேல் உயிர். கடைமேலும் உயிர். வெட்டுமேசையை அவளே பலகை வாங்கிக் கடைக்குள்ளேயே வைத்து ஆணி அறைந்து செய்திருந்தாள். கதவைவிடப் பெரியது, வெளியே வராது. அவனாலும் வளைவை விட்டுக் கீழே வந்து குடியிருக்க முடியாது. அவன் அசந்தால் கல் விழுந்து ஒரு பேருந்தே போய்விடும். ஆசைக்கும் ஆற்றாமைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "இந்தக் கடை மலையேறி வந்தா நானும் வர்றேன். அத்தைக்கு மீசை முளைச்சா சித்தப்பாங்கிற கதைதான்." அத்தை தன் மேலுதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அவன் துணியை மடித்து எடுத்துக்கொண்டு போனான், அதற்குப் பிறகு வரவில்லை. டப்பாவில் வாடிய கொடியை அத்தைதான் பின்சுவரோரம் நட்டாள்.

காட்டுப் பட்டாணிக்குக் கேலி புரியாது. சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டது. ஒரு முனையால் கூரைக் கட்டைகளைச் சுற்றிப் பிடித்தது, மறுமுனையை மலைக்கு அனுப்பிக் கல்லையும் மரத்தையும் பற்றிக்கொண்டது, இழுத்தது. போனால் என் காலால் போவேன், பட்டாணி இழுத்துப் போகமாட்டேன் என்று தையல்காரி தினமும் காலையில் எழுந்ததும் கொடியை வெட்டினாள். ஒன்றை வெட்டினால் இரண்டு முளைத்தது. கடை பள்ளிக்கூடத்தைத் தாண்டியது, காய்கறிச் சந்தைக்குள் புகுந்து புறப்பட்டது, நாற்சந்தியில் போக்குவரத்துக் காவலர் விசிலூதி வழிவிட்டார். ஒரு தெருவில் அளவு கொடுத்தவர்கள் அடுத்த தெருவில் போய்த் துணி வாங்கிக்கொண்டார்கள். பொத்தான் விற்கும் கடை தூரமாகிப் போனதால், அத்தை காய்ந்த பட்டாணியில் சூடாக்கிய ஊசியால் ஓட்டை போட்டு அதையே பொத்தானாக வைத்துத் தைத்தாள். பார்க்க நன்றாகவே இருந்தது. பாதி ஊர் அதைத்தான் போட்டுக்கொண்டு அலைந்தது.

கடைசி ஏற்றத்துக்கு வந்தபோது கோடை முற்றிவிட்டது. கொடி காய்ந்தது, பிடி இளகியது, கடை கீழ்ப்பக்கமாக ஒரு முழம் சறுக்கியது. தையல் மெஷின் தானாக உருண்டு போய்ச் சுவரில் முட்டியது. மேலே வளைவு தெரிந்தது. அவன் கையிலிருந்த சிவப்புத் துணியும் தெரிந்தது. அது நார்நாராகக் கிழிந்திருந்தது. வேறு யாரிடமும் அவன் தைக்கக் கொடுக்கவில்லை. தையல்காரி கத்திரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு, காய்ந்த கொடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தபடி அழுதாள்.

"கடை கீழ போயிட்டா நான் என்ன பண்ணுவேன் அத்தை?"

"தினம் வெட்டினது யாரு?" என்று கேட்டுக்கொண்டே அத்தையும் வந்து பிடித்தாள். "அடம்பன் கொடியும் திரண்டா மிடுக்கு. இழுடி."

அதே நேரம் கீழே ஊரில் பட்டாணிப் பொத்தான் வைத்த சட்டைகள் புறப்பட்டன. காய்ந்த விதைக்குத் தன் மலைமண் நினைப்பு வந்துவிட்டது, வேறொன்றுமில்லை. முடிதிருத்துபவர் கையில் கத்தியோடும், அவரிடம் பாதி முகம் மழித்துக்கொண்டிருந்த நீதிபதி நுரையோடும், வங்கி மேலாளர் சாவிக்கொத்தோடும் நெஞ்சை முன்னால் தள்ளிக்கொண்டு மலையேறினார்கள். அவர்கள் உதவிக்கு வந்ததாகப் பின்னால் சொல்லிக்கொண்டதெல்லாம் பொய். சட்டை வந்தது, அவர்கள் உள்ளே இருந்தார்கள். வந்த வேகத்தில் கடையின் பின்சுவரில் போய் மோதினார்கள், சட்டைகள் விடவில்லை. கடை ஏறியது.

வளைவில் இருந்தவன் சிவப்புத் துணியை ஆட்டி மேலிருந்து வந்த பேருந்தை நிறுத்தினான். தையல்கடை சாலையைக் கடந்து அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் அமர்ந்தது. உடனே எல்லாப் பொத்தான்களும் படபடவென்று தெறித்து மண்ணில் உருண்டன. நீதிபதி சட்டையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். அவன் வாசலில் வந்து நின்றான். "வர்றீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

"வந்துட்டேனே" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இன்னும் எங்க வரச் சொல்றீங்க? அந்தத் துணியை முதல்ல இப்படிக் குடுங்க."

இப்போதெல்லாம் கல் விழாத நாளிலும் பேருந்து அங்கே நிற்கிறது. ஓரம் தைக்க, அளவு பிடிக்க ஆட்கள் இறங்குகிறார்கள். கொடி கூரைமேல் பூத்துக் கிடக்கிறது, யாரையும் இழுப்பதில்லை. மூன்றாம் வருடம் அத்தைக்கு மீசை முளைத்தது. அன்றிலிருந்து எல்லோரும் அவளைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.