பொத்தானுக்குப் பின்னால் ஒரு பாட்டு

கண்ணாடிக்கடைக்காரர் ஒரு ஆல்பத்தைப் பற்றிப் பொய் சொன்ன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவருடைய சட்டைப் பொத்தானுக்குப் பின்னாலிருந்து வேறொரு ஆல்பத்தின் பாட்டு கேட்கத் தொடங்கியது. அவர் கடை மாடியில், கண்ணாடி தேய்க்கும் இயந்திரத்துக்கும் ஜன்னலுக்கும் நடுவே நான்கு பேர் வாராவாரம் கூடி, தாங்கள் இப்போது கேட்டுக்கொண்டிருப்பதில் எது தேறும், எது தேறாது என்று பேசிக்கொள்வார்கள். அன்று அவர், பாட்டே இல்லாமல் வெறும் வயலின் மட்டும் அழுகிற ஒரு கனமான ஆல்பத்தைக் காட்டி, வாரம் முழுக்க இதில்தான் மூழ்கிக் கிடந்தேன் என்றார். சொல்லி வாய் மூடுவதற்குள், சர்க்கரைத் தண்ணி என்று அவரே கேலி செய்திருந்த காதல் ஆல்பம் அவர் மார்பிலிருந்து கணீரென்று வந்தது. பஸ் டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த வேகத்தில் அவருடைய முழங்காலிலிருந்து குழந்தைப் பாட்டுத் தொகுப்பு ஒன்று கிளம்பியது. டிரைவரின் மாமியார், “நல்லவேளை, நான் உள்ளதைச் சொல்லிட்டேன்” என்றார். அவர் தோளில், சொன்னது சொன்னபடியே, டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிட்டாரும் இடித்துக்கொண்டிருந்தன.

அவரவர் நிஜமாகக் கேட்டுக்கொண்டிருப்பது அவரவர் உடம்பிலிருந்தே ஒலிப்பது மழைக்காலம் முடிவதற்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்காரக் குழந்தைகள் அடித்துக்கொண்டார்கள். துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் முந்தின நாளே எதையாவது மெதுவானதாகக் கேட்டு வைத்துக்கொண்டார்கள். மாடியில் கூடுகிறவர்களில் நான்காமவரான மருந்துக்கடை அக்காவிடமிருந்து மட்டும் ஒரு சத்தமும் வரவில்லை. அந்த நால்வரில் அவர் சொல்லுக்குத்தான் மதிப்பு அதிகம். அவர் நன்றாக இருக்கிறது என்றால் மற்ற மூவரும் மறுபேச்சில்லாமல் வாங்கிவிடுவார்கள். சிலருக்குத் தாமதமாக வரும்போல என்று காத்திருந்தார்கள். கடைசியில் மாமியாருக்குத்தான் பொறுக்கவில்லை.

“ஏம்மா, நீ இப்ப எதைத்தான் கேக்கறே?”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “எதையும் இல்லைங்கம்மா. ரொம்ப வருஷமாச்சு.”

ஒரு விஷக்காய்ச்சலுக்குப் பிறகு பேச்செல்லாம் தெளிவாகக் கேட்டதாம்; பாட்டைப் போட்டால் மட்டும் பாத்திரங்கள் உருளுகிற சத்தம். காதில் கோளாறே இல்லை என்று டாக்டர்கள் அனுப்பிவிட்டார்கள். ஆல்பத்தின் பின்னட்டையைப் படித்தும், இவர்கள் கேட்கும்போது இவர்கள் முகத்தைப் பார்த்தும்தான் இத்தனை நாள் அபிப்பிராயம் சொல்லியிருக்கிறார். “பாட்டு போச்சு. நீங்களும் போயிடக் கூடாதுன்னுதான்” என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

கண்ணாடிக்கடைக்காரருக்கு முதலில் கோபம்தான். அக்காவின் வார்த்தையை நம்பி ஓர் அலமாரியையே நிரப்பி வைத்திருந்தார். எங்கெல்லாம் ஏமாந்தோம் என்று பார்க்க எல்லாவற்றையும் திரும்பக் கேட்டார். அக்கா சொன்னது ஒன்றிரண்டில்தான் பிசகியிருந்தது. வராத தலைவலிக்கு மாத்திரை கேட்டுக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய் நின்றார். மாத்திரையை வெட்டிக்கொண்டிருந்த அக்காவின் கத்தரிக்கோல் பாதியில் நின்றது. மாடியில் மூவரின் பாட்டும் ஒன்றாக மோதி அவருக்குப் பாத்திரச் சத்தமாகவே கேட்டிருந்தது; இங்கே இவருடைய பொத்தான் பாட்டு மட்டும்தான்.

“கொஞ்சம் கிட்ட வாங்க.”

அக்கா கவுண்டருக்கு மேல் குனிந்து, அந்தப் பொத்தானருகே காதை வைத்தார். பின்னால் நின்ற கூட்டத்தில் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. பாட்டு முடிகிறவரை அக்கா அசையவில்லை. பாத்திரம் உருளவில்லை. நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கடைசிச் சரணம் தேவையே இல்லைங்க” என்றார்.

“அதுதானே இதுல நல்ல இடமே!” என்று இவர் சண்டைக்குப் போனார். மாத்திரையை இருவரும் மறந்துவிட்டார்கள்.

அந்த ஞாயிறே அக்கா மாடிக்குத் திரும்பினார்; அதன் பிறகு பல வருஷங்கள் ஒவ்வொருவராகக் காதை வைத்து, மனிதர்கள் வழியாகத்தான் பாட்டுக் கேட்டார். அவருடைய அபிப்பிராயங்களும் அதற்கேற்ப மாறின. ஒரே ஆல்பம் டிரைவரிடம் கேட்டால் இழுக்கிறது, மாமியாரிடம் கேட்டால் பிரமாதம் என்பார். புதிதாக ஏதாவது வந்தால் பக்கத்துத் தெருக்காரர்கள்கூட அதைக் கேட்டுவிட்டு வந்து கவுண்டர் முன்னால் நின்றார்கள். அப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மணிக்கட்டிலிருந்தே ஒரு பாட்டு எழுந்தது. அது முடிந்ததும் அடுத்தது வந்தது. மூவரும் எங்கெங்கோ தேடிப் பார்த்தார்கள். அப்படி ஒரு ஆல்பத்தை யாரும் வெளியிட்டிருக்கவில்லை. அதனால் வழக்கம்போல உட்கார்ந்து முழுதாகக் கேட்டார்கள். மாமியார், டிரம்ஸ் போதாது என்றார். டிரைவர், வளைவில் வண்டியைத் திருப்பும்போது கேட்க ஏற்ற ஆல்பம் என்றார். கண்ணாடிக்கடைக்காரர், தொடக்கம் மந்தம்தான், ஆனாலும் இன்னொரு தடவை கேட்கலாம் என்றார். அக்கா வளையல்களை மேலே ஏற்றிவிட்டு, மணிக்கட்டை மேசையின் நடுவில் வைத்தார்.