இரண்டாம் பாதிக்கு மண் போதவில்லை

1

நான் வாயை மூடிக்கொண்டிருந்ததால் கிடைத்த கதை இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு துணிவு வராது.

என் பெயர் லாசர். 1978-ல் ஏற்காட்டு மலையில் மஞ்சக்குட்டை என்ற ஊரை ஒட்டிய ஒரு எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தேன். அப்போது எழுதியதெல்லாம் வேலைக்கு வந்த ஆட்களின் பேர்தான். ஓய்வுபெற்ற பிறகு, இந்த ஒரு கதையையாவது எழுதியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மூன்று நோட்டு வீணாகிவிட்டது. இது நான்காவது.

முதல் நோட்டு இப்படித் தொடங்கியது: “பனி போர்த்திய சேர்வராயன் மலையிலே, காபிப் பூ மணக்கும் ஒரு காலைப் பொழுதிலே, நம் கதாநாயகன்...”

அடித்துவிட்டேன். அன்றைக்குப் பனியும் இல்லை, காபி பூக்கவும் இல்லை. தந்திதான் வந்தது.

2

தந்தி குழந்தைவேலுக்கு. மஞ்சக்குட்டைப் பையன். ஏற்காட்டில் பள்ளி மைதானத்தில் பந்து பிடிக்கப் பழகி, பெங்களூரில் ஒரு மில் கிளப்புக்கு இரண்டாவது கோல்கீப்பராகப் போனவன். திருவிழாவுக்கு லீவு போட்டு வந்திருந்தான். நாட்டின் கிளப்புகளெல்லாம் மோதுகிற கால்பந்துக் கோப்பை ஒன்று அப்போது நடந்துகொண்டிருந்தது. அவனுடைய கிளப் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது. முதல் கோல்கீப்பருக்கு விரல் முறிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் கல்கத்தா கிளப்போடு ஆட்டம், உடனே வா என்று தந்தி சொன்னது.

(சேலத்தில் அப்படி ஒரு இறுதிப் போட்டி நடக்கவில்லை. வெகுதூரத்து ஊர் ஒன்றுக்கு இவர்களை ரயிலேற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. மைதானத்தை நான்தான் மலையடிவாரத்துக்கு இழுத்து வந்தேன். புள்ளிவிவரப் புத்தகம் வைத்திருப்பவர்கள் அதை மூடி வைக்கவும்.)

சிக்கல் என்னவென்றால், செவ்வாய்க்கிழமையே ஊரில் காப்புக் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டினால் திருவிழா முடியும்வரை யாரும் ஊர் எல்லை தாண்டக்கூடாது. ஒருவன் தாண்டினாலும் திருவிழா நிற்கும். தாண்டியவன் வீட்டை ஊர் தள்ளிவைக்கும். நல்லது கெட்டதுக்கு ஒருவரும் வரமாட்டார்கள். குழந்தைவேல் வீட்டில் இருந்தது அவன் அம்மா ஆராயி மட்டும்.

கூட்டம் கூடியது. தந்தியைப் படித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் செல்லப்பன் ஒரு வழி சொன்னார்.

“நடக்கறவனுக்கு ஊரு இல்லீங்க. நிக்கற எடந்தான் ஊரு. நம்ம எல்லை மண்ணை எடுத்துட்டுப் போயிப் போட்டு, அது மேல நின்னான்னா தாண்டுனதா ஆவாது.” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஏனுங்க ரைட்டரே, இந்தப் பந்தாட்டத்துல இவன் ஓடுவானா, நிப்பானா?”

“மத்தவங்கதானுங்க ஓடுவாங்க. குழந்தைவேலு கோலுகிட்டயே நிக்கற ஆளு” என்றேன்.

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இடைவேளைக்குப் பிறகு இரண்டு கிளப்பும் பக்கம் மாறிக்கொள்ளும் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

சாட்சியாக அங்கப்பனை அனுப்புவது என்று முடிவாயிற்று. அவர் குழந்தைவேலின் பெரியப்பா. ஊரை விட்டு அடிவாரத்துக் குப்பனூரில் குடியேறிப் பத்து வருஷமாகியிருந்தது. அதனால் ஊரில் அவருக்குக் காப்புக் கட்டுவதில்லை, எல்லை தாண்டத் தடையும் இல்லை. பொய் பேசாதவர் என்று பேரெடுத்தவர். பந்தாட்டம் பார்த்ததே கிடையாது. கூட நானும் போனேன், எஸ்டேட் ஆளான எனக்குக் காப்பு இல்லை.

3

இந்த இடத்தில்தான் எனக்குக் குழந்தைவேல் மேல் சந்தேகம் வருகிறது. பக்கம் மாறும் விஷயம் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். கோல்கீப்பருக்குத் தெரியாதா?

இரண்டாவது நோட்டில் அவனை அப்பாவியாக்கினேன். “சந்தோஷத்தில் அவனுக்கு அது நினைவுக்கே வரவில்லை...” சுத்தப் பொய். நான் ‘நிக்கற ஆளு’ என்றபோது அவன் என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

மூன்றாவது நோட்டில் அவனை ஏமாற்றுக்காரனாக்கினேன். அதுவும் ஒட்டவில்லை. பஸ்ஸில் சேலம் வரைக்கும் மண் மூட்டையை* மடியிலிருந்து இறக்காமல் வந்தான். ஏமாற்றுகிறவனுக்கு அத்தனை பாரம் இருக்காது. ஐந்து வருஷம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆட்டம் வந்திருக்கிறது. விளையாடியே ஆகவேண்டும் என்று இருந்தான். அவ்வளவுதான். அதற்கு நல்லவன் கெட்டவன் என்று பேர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

* மண்ணைப் பூட்ஸுக்குள் போட்டிருக்கலாமே என்று என் மகள் ஜெயமேரி கேட்கிறாள். கெட்டிக்கார யோசனைதான். இருபது வருஷம் பிந்தி வந்திருக்கிறது.

4

முதல் பாதியில் கோல் கம்பங்களுக்கு நடுவே மஞ்சக்குட்டை மண் பரப்பியிருந்தது. அதன்மேல் குழந்தைவேல் நின்றான். வலைக்குப் பின்னால் அங்கப்பன், அவர் பக்கத்தில் நான். கல்கத்தாக்காரர்கள் அடித்த ஆறு பந்தையும் பிடித்தான் அல்லது தட்டிவிட்டான். ஒவ்வொரு தடவையும் அங்கப்பன், “மண்ணு இருக்குதுல்ல” என்று எனக்குச் சொன்னார். இரு பக்கமும் கோல் இல்லாமல் இடைவேளை விட்டார்கள்.

குழந்தைவேல் கையுறையைக் கழற்றிக்கொண்டு எதிர்ப் பக்கம் நடந்தான்.

“சாமி, எங்க போற? நம்ம ஊரு இங்க இருக்குது!” என்று கத்தினார் அங்கப்பன்.

அவன் நின்றான். திரும்பி வந்தான். இதை நான் எத்தனை தரம் எழுதினாலும் கை நின்றுவிடுகிறது.

“இனி அந்தப் பக்கம் நிக்கோணுங்க பெரியப்பா. ஆட்டத்துல அப்படித்தானுங்க.”

“உனக்கு மொதல்லயே தெரியுமா?”

“தெரியுமுங்க.”

அங்கப்பன் அவனை அடிப்பார் என்று நினைத்தேன். (மூன்றாவது நோட்டில் அடித்தார்.) அவர் கேட்டது இதுதான்:

“ஊட்டுல உங்கம்மா ஒத்தையா இருக்கறா. அது தெரியுமா?”

“தெரியுமுங்க” என்றான்.

“எத்தன நேரம் இருக்குது?”

“பத்து நிமிசமுங்க.”

அங்கப்பன் தோள் துண்டை விரித்தார். குனிந்து மண்ணை இரண்டு கையாலும் துண்டில் வாரினார். சேலத்து மண்ணும் கலந்துதான் வந்தது. அந்தக் கோலிலிருந்து மூலைக் கொடி வரைக்கும், அங்கிருந்து மைதானத்து ஓரக்கோடு நெடுக, மண்ணைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டே நடந்தார்.

(புதுக்காடு திருத்தினால் பழைய காட்டிலிருந்து அதுவரைக்கும் இப்படித்தான் மண் தூவிப் போவார்கள், அப்போது புதுக்காடும் ஊருக்குள் சேர்ந்துவிடும் என்று அங்கப்பன் பிறகு சொன்னார். மலையில் வேறு யாரைக் கேட்டாலும் அப்படி ஒரு வழக்கமே இல்லை என்கிறார்கள். எனக்கு அதில் வழக்கு ஒன்றும் இல்லை. இன்னொரு விஷயம்: இந்தக் கணக்குப்படி கல்கத்தாக்காரர்கள் பதினோரு பேரும் அன்றைக்கு மஞ்சக்குட்டை ஊருக்குள் வந்துவிட்டார்கள்.)

விசில் ஊதியபோது துண்டு காலி. எதிர்ப் பக்கத்துக் கோல் கம்பத்துக்கு இன்னும் பன்னிரண்டு அடி இருந்தது.

அங்கப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். செருப்பில்லாத காலோடு அந்தப் பன்னிரண்டு அடியில் நடக்க ஆரம்பித்தார். கம்பம் வரைக்கும் போவார், மண் முடிந்த இடத்துக்குத் திரும்பி வருவார். மறுபடியும் போவார். போட்டோ எடுக்க வந்தவர்கள் திட்டினார்கள். ஒரு போலீஸ்காரர் வந்தார்.

“பெரியவரே, வெளிய போங்க.”

“ஊருக்குள்ளதானுங்க இருக்கறேன்” என்றார், நடையை நிறுத்தாமல்.

நாற்பத்தைந்து நிமிஷமும் அவர் நிற்கவில்லை. பந்து அந்தக் கோலுக்கு ஒன்பது முறை வந்தது. குழந்தைவேல் ஒன்பது முறையும் பாய்ந்தான்.

5

முடிவு அ: கடைசி நிமிஷத்தில் குழந்தைவேல் இடது பக்கம் பாய்ந்து, விரல் நுனியால் பந்தைத் தட்டி...

முடிவு ஆ: பந்து அவன் கைக்கு அடியில் நழுவி...

இரண்டும் என்னிடம் முழுதாக எழுதி இருக்கிறது. இரண்டையும் தரமாட்டேன். வீம்புக்காக அல்ல. மறுநாள் காலை கூட்டத்தில் அங்கப்பன் போட்ட நிபந்தனை அது.

அவர் முதல் ஆளாக எழுந்தார். நடந்ததை எல்லாம் சொன்னார். மண் போதாமல் போனதையும் சேர்த்து. குழந்தைவேல் எழுந்து, “பக்கம் மாறுமுன்னு தெரிஞ்சேதானுங்க சொல்லாம இருந்தேன்” என்றான். என் பேரை அவன் எடுக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. அந்த வெட்கம் இன்றைக்கும் என்னைத் தின்கிறது. ஆராயி பெண்கள் பக்கத்தில் நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

“எந்தப் பக்கமுங்க ஜெயிச்சுது?” என்று யாரோ கேட்டார்கள்.

“அதைக் கேக்காதீங்க” என்றார் அங்கப்பன். “ஜெயிச்சுதுன்னா சாமி கூட நின்னுதும்பீங்க. தோத்துதுன்னா சாமி குத்தம்பீங்க. பந்தை வெச்சு ஒரு ஊட்டைத் தள்ளிவெக்கறதா? தீர்ப்பைச் சொல்லிப்போட்டு அப்புறம் கேளுங்க.”

செல்லப்பன் கவுண்டர் அன்று சொன்னது எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். நான் எழுதினால் அது செல்லப்பன் கவுண்டருடைய தீர்ப்பு. நீங்கள் தலையாட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். வாருங்கள், கூட்டத்தில் உட்காருங்கள். ஆராயியை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அங்கப்பன் இன்னும் உட்காரவில்லை, உங்களிடம்தான் கேட்கிறார்:

“அந்தப் பன்னெண்டு அடிக்கு மண்ணு இல்லீங்க, மண்ணுக்குப் பதிலா நான்தான் இருந்தேன். பத்து வருசமா நீங்க எனக்குக் காப்புக் கட்டறதில்ல. இப்பச் சொல்லுங்க, நான் இந்த ஊருதானா, இல்லீங்களா?”