துருப்பிடித்த ஆணி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. பக்கத்து வீட்டு ஃபுசாயே வந்து கேட்டாள்: "துருப்பிடிச்ச ஆணி இருந்தா ஒண்ணு குடேன்." புத்தாண்டுக்குக் கறுப்பு சோயா வேகவைக்கும்போது ஆணியைத் துணியில் கட்டிப் பானைக்குள் போட்டால்தான் நிறம் நிற்கும். ஜப்பானில், எங்கள் இன்னோஷிமாத் தீவில் இதற்கு யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

2

'தெட்சுஜியின் கை நடுங்கிக்கொண்டிருந்த அந்த மாலையில்—'

வேண்டாம். மனுஷரை நடுக்கத்திலிருந்தா அறிமுகப்படுத்துவது? அவர் ஃபுசாயேயின் கணவர். கப்பல் பட்டறையில் துரு சுரண்டி ஓய்வு பெற்றவர், வாயாடி. பார்க்கின்சன் வந்தபின் யார் முன்னாலும் சாப்பிடுவதில்லை. அடுப்படியில் தனியாக, குச்சி கையில் நிற்காததால் கரண்டியால். ஃபுசாயே மேஜையில் தனியாக. அவளுக்கு நோயைவிட இதுதான் தாங்கவில்லை.

3

(டாக்டரை ஒரே வரிக்காக வைத்திருக்கிறேன்: "மூளை செல்லெல்லாம் துருப்பிடிக்குதுன்னு வச்சுக்குங்க." 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' என்று எழுதினால் நீங்கள் புத்தகத்தை மூடிவிடுவீர்கள்.)

ஃபுசாயே துருவோடு மல்லுக்கு நின்றாள். பச்சைத் தேநீர், எள், ப்ரோக்கோலி. காலை மாத்திரையோடு ஒரு கிண்ணம் கறுப்பு சோயா. தெட்சுஜியோ நடந்துகொண்டிருக்கும்போதே அப்படியே உறைந்து நின்றார். உணவு ஆலோசகர்தான் கண்டுபிடித்தார்: சோயாவின் புரதம் மாத்திரையை உடம்பில் சேரவிடவில்லை. காய்கறி, தேநீர் எல்லாம் நல்லதுதான், மருந்துக்குப் பதிலாகாது. சோயாவை இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றுங்கள்.

"என்னை அனுப்பிட்டு வேற மாப்பிள்ளை பாத்து வச்சிருக்கியாடி?" என்றார் தெட்சுஜி.

அவள் சிரிக்கவில்லை. என் வீட்டுக்கு வந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

4

புத்தாண்டு மாலை. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பானையிலிருந்து ஆணி வெளியே வந்ததைத் தெட்சுஜி பார்த்துவிட்டார்.

"ஏண்டி, என் துருவ எடுக்கிறேன்னு துருவையே வேகவச்சிருக்கே!"

"கொஞ்சம் துரு இருந்தாத்தாங்க மினுங்கும்."

"அப்ப நான் ஜொலிக்கணுமே!"

மேஜையில் அவருக்கும் சேர்த்துத் தட்டு வைத்தாள். கிண்ணத்துக்குப் பக்கத்தில் கரண்டி. தன் சாப்பாட்டுக் குச்சிகளை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, தனக்கும் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு எனக்கும் இதுதான். வாங்க."

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றார்.

5

முடிவு ஒன்று: உட்காருகிறார், சோயா உருண்டோடுகிறது, இருவரும் சிரிக்கிறார்கள். (ரொம்ப அழகு. அதனாலேயே சந்தேகம்.)

முடிவு இரண்டு: அடுப்படிக்கே திரும்பி— எழுத மனசு வரவில்லை.

அப்போதுதான் உறைத்தது. அவர் நாற்காலியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சாக்குச் சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நீங்களும் எழுந்திருங்கள். புத்தகத்தைச் சத்தமில்லாமல் மூடுங்கள். நாம் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த மனுஷர் உட்கார மாட்டார்.