நீலப் பொத்தான்

பிரவுசர் செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் வடிவமைப்புத் தலைவர். ஒரு வலைத்தளம் நம் தேடுபொறியை மாற்ற நினைத்தால், பிரவுசர் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டிச் சம்மதம் கேட்கும். அந்தப் பெட்டி அவர் பெற்றெடுத்த பிள்ளை. அதில் 'ஆமாம்' கொழுகொழுவென்று நீலத்தில் உட்கார்ந்திருக்கும். 'வேண்டாம்' வெளிறிப்போய் ஓரமாக ஒண்டிக்கொண்டு நிற்கும்.

"நம்ம பெட்டியில வர்றதால நாமளே கேக்கறோம்னு நம்பி அழுத்திடுவாங்க சார்," என்றாள் புதிதாகச் சேர்ந்த பெண்.

"ஜனங்களுக்குப் படிக்கத் தெரியும்மா," என்றார் அவர். மேலதிகாரிகள் சிரித்ததால் கூட்டமே சிரித்தது. பெட்டி உலகத்துக்குப் போனது.

மூன்று மாதம் கழித்து அக்கா கூப்பிட்டாள். பிள்ளைகளுக்காகப் பத்து வருஷம் வீட்டோடு இருந்துவிட்டு, ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். பதிலே இல்லை. அவர் போய் அவள் லேப்டாப்பைத் திறந்து பார்த்தார். ஏதோ ஒரு கோல டிசைன் தளம் அந்தப் பெட்டியில் 'ஆமாம்' வாங்கித் தேடுபொறியை மாற்றியிருந்தது. புதுத் தேடுபொறி முதலில் காட்டிய போலிப் பக்கத்தில்தான் அக்கா விண்ணப்பத்தை நிரப்பியிருந்தாள். உண்மையான பக்கத்தில் கடைசித் தேதி முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது.

"ஏன்க்கா இதுக்கு ஆமாம்னு அழுத்தின?"

"உன் பிரவுசர்தானேடா கேட்டுச்சு. நீ கேட்ட மாதிரி நினைச்சு அழுத்திட்டேன்."

தேடுபொறியைப் பழையபடி மாற்ற அவருக்கு அரை நிமிஷம் போதுமாக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அக்காவே சமாதானம் சொன்னாள்:

"விடுடா. டீச்சர் வேலைக்குப் போக ஆசைப்பட்டவளுக்குப் படிக்கத் தெரியல. நீ என்ன பண்ணுவ?"