ஆறை இழந்த இரும்பு

இரும்பு சாதாரணமாக இரண்டு அல்லது மூன்று எலக்ட்ரான்களைத்தான் விட்டுக்கொடுக்கும். ஆறை இழந்த இரும்பை ஆக்ஸிஜனோடு கட்டிப்போட்டு, கெடாமல் வைத்திருப்பதுதான் என் ஆராய்ச்சி. கரைசலில் அது நாவல்பழ நிறத்தில் அழகாக வரும். படிகமாக்கி வடிகட்டினால் பழுப்புத் துருவாகிவிடும். எட்டு மாதமாக இதே கூத்து. தண்ணீரைக் குறை சொன்னேன், பெங்களூரு மழையைக் குறை சொன்னேன், ரசாயனம் விற்றவனையும் திட்டித் தீர்த்தேன்.

வெள்ளிக்கிழமை என் வழிகாட்டி நாகேஷ் சார் கூப்பிட்டு, மறுநாள் மாலைக்குள் ஊதாப் படிகம் வராவிட்டால் தலைப்பை மாற்றிவிடலாம் என்றார். மாற்றுத் தலைப்பு, சாதாரணத் துரு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் கரைசல் தயார். ஃபில்டர் பேப்பரைத் தேடினால் பெட்டி காலி. என்னோடு ஆராய்ச்சி செய்யும் க்ளென், பக்கத்து அறையில் அதன்மேல் மிளகாய் பஜ்ஜியை அடுக்கி எண்ணெய் ஒற்றிக்கொண்டிருந்தான். இப்படி உறிஞ்சும் தாள் சிவாஜிநகர் முழுக்கத் தேடினாலும் கிடைக்காதாம். ஸ்டோர் திங்கட்கிழமைதான் திறக்கும். என் வாயில் வந்ததையெல்லாம் அவன் பஜ்ஜி தின்றுகொண்டே கேட்டான்.

வேறு வழியில்லாமல், அலமாரியில் தூசி படிந்து கிடந்த ஒரு புனலைக் கழுவி எடுத்தேன். அதில் தாளே தேவையில்லை. அடியில் நுண்துளைகள் உள்ள கண்ணாடித் தட்டு இருக்கும். வடிகட்டினேன். பத்து நிமிடம் ஆயிற்று, அரை மணி ஆயிற்று. படிகங்கள் ஊதாவாகவே இருந்தன.

அப்போதுதான் உறைத்தது. எலக்ட்ரானுக்கு அலைகிற இரும்பை எட்டு மாதமாகத் தாளில் கொட்டியிருக்கிறேன். தாளும் தாராளமாகக் கொடுத்து அதைத் துருவாக்கியிருக்கிறது. என்னை நானே குட்டிக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு வந்த சார் நம்பவில்லை. தன் கண்முன்னே இன்னொரு முறை செய்யச் சொன்னார். செய்தேன். நிறம் நின்றது. தலைப்பு உனக்குத்தான் என்றவர், எப்படி என்று கேட்டார். பஜ்ஜி உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நானும் பிஎச்டிக்கு இதத்தான் எடுத்தேன் ஜோவிதா. ரெண்டு வருஷம் பேப்பர்லதான் ஃபில்டர் பண்ணேன். ஆகாதுன்னு விட்டுட்டேன்."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அவர் எழுந்து சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"மூணாவது தடவ நான் பண்ணிப் பாக்கட்டுமாம்மா?"

என் லேப் கோட்டைக் கழற்றிக் கொடுத்தேன். ஏழு மணிவரை நான்தான் அவருக்கு எடுபிடி.