பேத்தி ஆடாமல் பிணம் எடுப்பதில்லை

லமூசாவுக்கு மாட்டிவிட்ட தாத்தாவின் கோட்டில் பொகோ அத்தை மேலிருந்து கீழாக ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டு வர, அவள் பின்னாலேயே ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வந்தாள். மூன்றாவது பொத்தானில் அத்தைக்குப் பொறுமை போய்விட்டது. கையில் பட்டென்று ஓர் அடி வைத்தாள்.

"என்னடி வெளையாட்டு இது? வெளிய சனம் காத்துக்கிட்டு நிக்குது."

"எனக்கு வராது அத்தை. நோவாகாவும் பேரன்தானே, அவன் போட்டுக்கட்டும்."

"அவன் போட்டுப் பாத்தாச்சு. எங்கப்பன் நடந்தா பூமி அதிரும். இவன் முட்டையிட எடம் தேடுற கோழி மாதிரி போறான். ஊரே ஊளையிட்டு வெரட்டிருச்சு."

காக்கிக் கோட்டில் மூக்குப்பொடியும் அந்துருண்டையும் சேர்ந்து அடித்தன. மார்பில் இரண்டு பதக்கங்கள். இந்தோசீனத்தில் ஒன்று, அல்ஜீரியாவில் ஒன்று. எதற்காகத் தாத்தா அங்கே போய்ச் சண்டை போட்டீர்கள் என்று கேட்டால், "பிரெஞ்சுக்காரனத்தான் கேக்கணும், எங்கிட்ட அவன் சொல்லல" என்பார் யம்பா கிழவர். அந்தக் கிழவர்தான் இப்போது உள்குடிசையில் பாயில் சுற்றப்பட்டுக் கிடந்தார். விடியற்காலையில் தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது. தலைநகர் வாகடூகூவிலிருந்து லமூசா வண்டி பிடித்து வந்து சேர்வதற்குள் குளிப்பாட்டி முடித்துவிட்டார்கள். குழியும் வெட்டியாயிற்று.

ஆனால் பிணத்தை எடுக்க முடியவில்லை. குடிசை வாசலை அடைத்துக்கொண்டு பதினேழு பேரப்பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். தாத்தனுக்கும் பேரப்பிள்ளைக்கும் பிறந்தது முதலே கேலி முறை. பேத்தி அவருக்குப் பெண்டாட்டி, பேரன் அந்தப் பெண்டாட்டியைக் கொத்திக்கொண்டு போக வந்த திருடன். உயிரோடு இருக்கும்போது பரிகாசம் செய்தவர்கள் செத்த அன்று விட்டுவிடுவார்களா? அவர் சட்டையை மாட்டி, அவர் மாதிரி நடந்து, அவர் மாதிரி பேசி, மானத்தை வாங்கி, பிணமே சிரிக்கும் அளவுக்கு ஊரைச் சிரிக்க வைத்த பிறகுதான் வழி விடுவார்கள்.

சித்தப்பா ராவோகோ தலையை உள்ளே நீட்டினார். "பொழுது சாயுது. இருட்டினப்புறம் பொதைக்கணும்னு நெனச்சிருக்கீங்களா?"

"நம்ம அண்ணன் மகதான் பிகு பண்றா."

"லமூசா, அம்மா, இங்க பாரு." சித்தப்பாவின் கண் சிவந்திருந்தது. "நீ மூத்த பேத்தி. மொத பொண்டாட்டி. நீ இருந்தும் ஒருத்தரும் கேலி பண்ணாம அனுப்பினா, பேரப்பிள்ளையே இல்லாத கெழவன் போற மாதிரி போவாரு. ஓங்கள வளத்த வளப்புக்கு இதுதானா?"

அவர் போய்விட்டார். தாத்தா மாதிரி நடக்கவும் பேசவும் லமூசாவைவிட யாருக்கும் வராது. சின்ன வயதில் அவர் எதிரிலேயே நடந்து காட்டி அவரை விழுந்து விழுந்து சிரிக்க வைத்தவள். பிறகு ஒரே ஒரு நாள், கேலி முறையெல்லாம் இல்லாமல், நிஜமாகவே அவரை அவமானப்படுத்தியிருந்தாள். அதற்கு வருஷம் இருபது ஆகிவிட்டது.

அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. ஐவரிகோஸ்ட் தோட்டங்களுக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. தாத்தாவின் பட்டாளத்துப் பென்சனில்தான் கூடூகூவில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். மாதம் பிறந்தால் அவர் பென்சன் வாங்க முப்பத்தைந்து கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வருவார். கோட்டும் பதக்கமும் போட்டிருந்தால்தான் பென்சன் ஆபீஸில் நாற்காலி தருவார்கள் என்பதால், மண்டையைப் பிளக்கிற வெயிலிலும் அதே கோட்டு. அன்றைக்கும் வேர்க்கடலை மூட்டையோடு வந்து, பள்ளி வாசலில் நின்று, தன் பட்டாளத்துப் பிரெஞ்சில் முழங்கினார்: "எங்க என் பொண்டாட்டி? வெளிய வரச் சொல்லு அவள!"

மாணவிகள் கொல்லென்று சிரித்தார்கள். கருவூல அதிகாரியின் மகள் செலின், "யார் அந்த ஆள்? உன்னையா கேக்கறார்?" என்றாள்.

"எங்க வீட்டுக் காவல்காரன்," என்றாள் லமூசா. அதோடு நிறுத்தியிருக்கலாம். "கொஞ்சம் புத்தி சரியில்ல," என்றும் சேர்த்தாள்.

பிரெஞ்சில்தான் சொன்னாள். அந்தப் பாஷையில் பதினைந்து வருஷம் கட்டளை வாங்கியவர் அவர். ஒரு நொடி ஹாண்டில்பாரைப் பிடித்தபடியே நின்றார். பிறகு மூட்டையை அவிழ்த்துக் கீழே வைத்தார். "வீட்ல குடுத்து விட்டாங்கம்மா," என்றார். எஜமானர் மகளிடம் காவல்காரன் எப்படிப் பேசுவானோ, அப்படி. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் பள்ளி வாசலில் அவர் அவளைக் கூப்பிடவேயில்லை. மாதம் தவறாமல் மூட்டை மட்டும் வாசல் ஆளிடம் இருந்தது. விடுமுறைக்கு ஊருக்குப் போனால், "வந்துட்டாளா எம் பொண்டாட்டி" என்று எப்போதும் போலத்தான் வாய் நிறையக் கூப்பிட்டார். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. இவளும் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் வண்டி ஏறுவாள். இறங்கி அவர் முகத்தைப் பார்த்ததும் அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றிவிடும். ஈஸ்டருக்கு வந்தபோதும் அதே கதைதான். இனி அடுத்த தடவை என்று ஒன்றில்லை. நாலு வார்த்தை, அதற்கு இருபது வருஷம் போதவில்லை என்று தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

கடைசிப் பொத்தானை அவளே போட்டுக்கொண்டாள். வெளியே போய் அந்த நாளையே நடித்துக் காட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். இன்றைக்குப் பேத்தி எதைச் சொன்னாலும் குற்றமில்லை. ஊர் முன்னால் சொன்னால் உள்ளே கிடக்கிறவர் காதிலும் விழும். தெரியட்டும், எப்படிப்பட்ட பேத்தியை அவர் வளர்த்தார் என்று எல்லோருக்கும் தெரியட்டும்.

அவள் வாசலில் தலை காட்டியதும் முழவு துள்ளி எழுந்தது. லமூசா வயிற்றைத் தள்ளி, தாடையைத் தூக்கி, இடது காலைத் தரையில் ஓங்கிப் போட்டு நடந்தாள். கூட்டம் அலறியது.

"ஐயோ, கெழவரேதான்!"

"உள்ள கெடக்குறது யாருப்பா அப்போ? போய்ப் பாருங்க!"

சாயங்காலமானால் பேரப்பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அவர் எண்ணுவதைச் செய்து காட்டினாள். எண்ணிக்கை பதினொன்றில் தடுமாறி, மறுபடி முதலிலிருந்து தொடங்கி, வரிசையில் நின்ற ஆட்டையும் பேரனாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, "சரியா இருக்கு, களி கிண்டலாம்!" என்றாள். கிழவிகள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று அவளுக்குப் பட்டது.

இல்லாத சைக்கிளை உருட்டிக்கொண்டு நடு முற்றத்துக்கு வந்தாள். இல்லாத வாசல் முன்னால் நிறுத்தினாள்.

"எங்க என் பொண்டாட்டி? வெளிய வரச் சொல்லு அவள!"

சிரிப்பு. அவள் நாலடி தள்ளிப் போய், திரும்பி நின்று, பள்ளிக்கூடத்துப் பெண்ணானாள். மூக்கைச் சுருக்கினாள். "இவரா? இவரு..." என்று தொடங்கினாள்.

"காவல்காரன்!" என்று ஊரே கத்தியது.

லமூசா திகைத்து நின்றாள். கிழவிகள் கத்தினார்கள், நோவாகா கத்தினான், நேற்றுப் பேசக் கற்ற வாண்டுகூடக் கத்தியது. சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகையும் சிரிப்புமாகக் குனிந்துவிட்டார்.

அத்தை பக்கத்தில் வந்து காதில் சொன்னாள். "நீ மறந்துட்டேன்னுல்ல நெனச்சோம்! ஒவ்வொரு அறுப்புக்கும் இந்தக் கதைதான்டி. பீர் உள்ள போச்சுன்னா கெழம் எந்திரிச்சு நடிக்க ஆரம்பிச்சிரும். 'எம் பொண்டாட்டி எனக்கு வேல போட்டுக் குடுத்துட்டா'ன்னு என்னா பெருமை! ஒனக்கு முன்னால மட்டும் சொல்லக் கூடாதுன்னு கட்டளை. கூச்சப்படுவியாம்."

"புத்தி சரியில்லன்னு..." என்றாள் லமூசா.

"யாருக்கு?"

அந்த வார்த்தையை அவர் யாரிடமும் சொல்லவில்லை. லமூசாவுக்கு அது இப்போதுதான் புரிந்தது. அவளுடைய குற்றத்தை எடுத்து, பாதியை மறைத்து, மீதியைக் கேலியாக்கி ஊருக்குக் கொடுத்திருக்கிறார். பேத்தி சொன்னதுதானே, கேலி முறைதானே என்று யாரும் அவள்மேல் ஒரு சொல் சொல்ல முடியாதபடி செய்திருக்கிறார். மன்னிப்புக் கேட்பதற்கும் இனி ஆளில்லை, கேட்டால் நம்புவதற்கும் ஊரில்லை. நம்புங்கள், நான் நிஜமாகத்தான் சொன்னேன் என்று கத்தினால்கூடச் சிரிப்பார்கள்.

"முடிவு எங்க? முடிவச் செய்!" என்று கூட்டம் இரைந்தது.

"என்ன முடிவு?"

"தெரியாத மாதிரி கேக்குறா பாரு! சல்யூட்டு! விறைப்பா ஒரு சல்யூட்டு வச்சாரே ஒனக்கு? 'உத்தரவு மகாராணி! இனி ஒரு பயலும் ஒங்க கிட்ட நெருங்க மாட்டான்!'னு சொன்னாரே? பள்ளிக்கூடமே கைதட்டுச்சாமே?"

யாரும் கைதட்டவில்லை. அவர் சல்யூட் வைக்கவுமில்லை. 'வீட்ல குடுத்து விட்டாங்கம்மா' என்று சொல்லிவிட்டுப் போனவரின் முதுகு அவளுக்கு இன்றும் தெரிந்தது. அந்த நிஜ முடிவு நாக்கு நுனி வரை வந்தது. பதினேழு முகங்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

லமூசா குதிகாலைச் சேர்த்தாள். கையை நெற்றிக்குக் கொண்டுபோனாள்.

"உத்தரவு மகாராணி!" என்றாள், அவர் குரலில். "இனி ஒரு பயலும் ஒங்க கிட்ட நெருங்க மாட்டான்!"

முற்றம் அதிர்ந்தது. வாசலை அடைத்திருந்த பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எழுந்து ஒதுங்கினார்கள். நாலு பேர் பாயைத் தோளில் தூக்கி வெளியே வந்தார்கள். சித்தப்பா, "போதும்மா, கையை எறக்கு, வழி விடு" என்றார். அவள் ஓரடி நகர்ந்தாள், கை நெற்றியிலேயே இருக்க.

பாய் அவளைக் கடந்தது. தானியக் களஞ்சியத்தைச் சுற்றித் திரும்பியது. கூட்டம் பின்னாலேயே போயிற்று. நன்றாக ஆடிய பேத்திக்குக் கொடுக்கும் கோலாக்கொட்டையைப் பொகோ அத்தை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"பிடிடி. கூலி வேணாமா ஒனக்கு?"

லமூசா கையை இறக்கவில்லை. கொட்டையைப் போடும்படி வாயை மட்டும் திறந்தாள்.