அடையாறில் ஏறுவாள்

பனகல் பூங்காவுக்கு எதிரே பஸ் நின்றிருந்தது. பொங்கலுக்கு ஊர் போகிறவர்கள் சேர்ந்து வருடாவருடம் பிடிக்கும் வாடகை பஸ். மயிலாப்பூர், அபிராமபுரம், அடையாறு என்று தெருத்தெருவாக ஆள் ஏற்றிக்கொண்டு, மறுநாள் மதியம்தான் சாத்தான்குளம் போய்ச் சேரும். ரயிலில் போகலாம். என் மனைவி புஷ்பத்துக்கு இந்த பஸ்தான் பிடிக்கும். வழியெல்லாம் வாந்தி எடுப்பாள். இருந்தாலும் பிடிக்கும்.

ஏற்பாடெல்லாம் ஜவுளிக்கடை சிதம்பரநாதன் அண்ணாச்சி. வருடத்துக்கு ஒருமுறை, இந்த பஸ்ஸில்தான் அவரைப் பார்ப்பேன்.

"வாங்க தம்பி. மதினி எங்க?"

"அடையாறில் ஏறுவாள்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. போன வருடமும் அதைத்தான் சொன்னேன். அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடம் அடையாறில். வகுப்பு முடிந்து, கைப்பையும் எலுமிச்சம்பழமுமாக வாசலிலேயே நின்றிருந்து ஏறினாள். இந்தக் கார்த்திகையில் மூளைக்காய்ச்சல் வந்து இறந்துபோனாள். பஸ்ஸுக்கு ஐப்பசியிலேயே சொல்லி வைத்திருந்தோம், இரண்டு பேருக்கும்.

"முன்சீட்டு உங்களுக்குத்தான். அவங்களுக்குத் தலை சுத்துமே" என்றார் அண்ணாச்சி.

ஜன்னலோரத்தை விட்டு உட்கார்ந்தேன். அந்த இடத்தில் என் பையைக்கூட வைக்கவில்லை.

மயிலாப்பூரில் ஒரு குடும்பம் தையல் மிஷினோடு ஏறியது. அதைக் கூரைமேல் தூக்கிக் கட்ட அரை மணி ஆனது. டிரைவர் தணிகாசலம் தலையில் அடித்துக்கொண்டான்.

"இன்னா அண்ணாச்சி, பஸ்ஸா இது, பால் வண்டியா? வூட்டுக்கு வூடு நின்னுக்கினு போவுது."

"பால்காரனுக்குப் பொங்கல் இனாம் கிடையாது, உமக்கு உண்டு. ஓட்டும்வே."

அபிராமபுரத்தில் தேவானை என்ற பெண் கணவனோடு ஏறினாள். வயிற்றில் ஆறு மாதம். பின்சக்கரத்தின் மேலிருந்த சீட்டுதான் மிச்சம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் "அம்மா" என்றாள்.

"செங்கல்பட்டுக்குள்ள பிள்ளை பொறந்திரும்போல. அண்ணாச்சி பேரையே வச்சிருங்க" என்று யாரோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து இடத்தின் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

அடையாறில், பள்ளிக்கூட வாசலில் பஸ் நின்றது. இருட்டத் தொடங்கியிருந்தது. கேட் பூட்டியிருந்தது. தணிகாசலம் ஹாரன் அடித்தான். எல்லோரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். ரோட்டைக் கடந்து வந்த ஒருத்தியைக் காட்டி, "அந்தா, டீச்சர் வாராங்க" என்றார் ஒருவர். நானும் பார்த்தேன்.

"உள்ளே இருக்காங்களோ என்னவோ. நான் போய்க் கூட்டியாரேன்" என்று அண்ணாச்சி இறங்கிவிட்டார். கேட்டைப் பிடித்து உலுக்கி, "வாட்ச்மேன்! வாட்ச்மேன்!" என்று கூப்பிட்டார்.

இறங்கி அவர் அருகில் போனேன்.

"அண்ணாச்சி, அவ இல்லை."

"லீவா?"

"செத்துப்போயிட்டா."

அந்தச் சொல்லை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. தந்திகூட என் அண்ணன்தான் கொடுத்தான்.

அண்ணாச்சி கேட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எப்போ?"

"கார்த்திகையில்."

உள்ளிருந்து வாட்ச்மேன் டார்ச்சோடு வந்தான். "ஒண்ணுமில்லப்பா, போ" என்று அண்ணாச்சி அவனை அனுப்பிவிட்டார்.

பஸ்ஸில் ஏறி நேராகப் பின்னால் போனேன்.

"நீங்க ரெண்டு பேரும் முன்னால போங்க. அங்கே அவ்வளவு குலுங்காது."

"அக்கா ஏறுவாங்கன்னு சொன்னாங்களே?" என்றாள் தேவானை.

"ஏறலை."

இருவரும் எழுந்து போனார்கள். தேவானை ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நான் சக்கரத்தின் மேல் உட்கார்ந்தேன். முழங்காலை நீட்ட இடமில்லை. கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இங்க தூக்கித் தூக்கிப் போடும், தம்பி."

"போடட்டும்."

கிண்டி தாண்டியதும் ஒரு பெரிய பள்ளம். மேலே சாமான் வைக்கிற கம்பியில் தலை மோதியது. கண்ணில் நீர் வந்தது. அது நிற்கவில்லை.

"பலமா அடிபட்டுட்டா?" என்று என் உச்சந்தலையைத் தேய்த்துவிட்டார்.

"ஆமா."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு முன்பக்கம் பார்த்துச் சத்தம் போட்டார்:

"தணிகாசலம், உள்விளக்கை அமத்தும்வே. எல்லாரும் தூங்கட்டும்."